ரோடு டு மொரோக்கோ

ரோடு டு மொரோக்கோ என்பது 1942 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியான அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம் ஆகும். டேவிட் பட்லர் இயக்கிய இப்படத்தைப் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்டது. பிங் கிராஸ்பி, பாப் ஹோப், டாரதி லமூர் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். ‘மொரோக்கோவுக்குச் செல்லும் பாதை’ என்பது தலைப்பின் பொருள். இரு நண்பர்கள், தொலைதூரப் பயணம், இருவரும் விரும்பும் ஒரு பெண் என்ற ஒரே அமைப்பில் வெளிவந்த ஏழு படங்களின் வரிசையில் இது மூன்றாவது படம்.

பின்னணி

இவ்வரிசையின் முதல் படமான ரோடு டு சிங்கப்பூர் 1940 இல் வெளியானது. அதன் வெற்றியைத் தொடர்ந்து 1941 இல் ரோடு டு சான்சிபார் வந்தது. கிராஸ்பி அக்காலத்தில் புகழ்பெற்ற பாடகர். ஹோப் மேடையிலிருந்து வானொலிக்கு வந்த நகைச்சுவையாளர். இருவருக்கும் தனித்தனி வானொலி நிகழ்ச்சிகள் இருந்தன. அவற்றில் ஒருவரை ஒருவர் கேலி செய்வது வழக்கம். இந்தப் பொய்ச்சண்டையை நேயர்கள் நன்கு அறிந்திருந்தனர். படங்களிலும் அதே கேலி தொடர்ந்தது. எழுதப்பட்ட வசனங்களுடன், தங்கள் வானொலி எழுத்தாளர்கள் தந்த துணுக்குகளையும் இருவரும் படப்பிடிப்பின்போது சேர்த்துக்கொண்டனர்.

கதைச்சுருக்கம்

கப்பல் வெடித்துச் சிதறியதால் ஜெஃப் (கிராஸ்பி), ‘டர்க்கி’ என்று அழைக்கப்படும் ஆர்வில் (ஹோப்) ஆகிய இருவரும் மொரோக்கோ கரையில் ஒதுங்குகின்றனர். கையில் காசில்லாத நிலையில், ஜெஃப் தன் நண்பனையே அடிமையாக விற்றுவிடுகிறான். டர்க்கியின் மறைந்த அத்தை ஆவியாகத் தோன்றிக் கண்டித்த பிறகு அவனைத் தேடிச் செல்கிறான். ஆனால் டர்க்கியோ அரண்மனையில் இளவரசி ஷால்மருடன் (லமூர்) திருமணத்துக்குக் காத்திருக்கிறான்.

இளவரசியின் முதல் கணவன் விரைவில் இறந்துவிடுவான் என்று சோதிடர் கணித்திருப்பதே இத்திருமணத்துக்குக் காரணம். டர்க்கி இறந்தபின் தான் ஏற்கெனவே மணக்கவிருந்த முல்லே காசிமை (ஆன்டனி குவின்) மணக்கலாம் என்பது அவளது திட்டம். இதற்கிடையே அவள் மனம் ஜெஃபிடம் செல்கிறது. சோதிடரின் கணிப்பு தவறு என்று தெரிந்ததும் காசிம் அவளைக் கவர்ந்து செல்கிறான். நண்பர்கள் அவளை மீட்கின்றனர். நாடு திரும்பும் வழியில் டர்க்கி வெடிமருந்து அறையில் புகைபிடிக்கச் செல்ல, அந்தக் கப்பலும் வெடிக்கிறது.

நகைச்சுவை முறை

இப்படம் தான் ஒரு திரைப்படம் என்பதை மறைப்பதில்லை. ஒட்டகத்தின் மீது அமர்ந்து இருவரும் பாடும் தலைப்புப் பாடலில், வழியில் டாரதி லமூரைச் சந்திப்போம் என்று பந்தயம் கட்டுகின்றனர். தயாரிப்பு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருப்பதால் தங்கள் உயிருக்கு ஆபத்தில்லை என்றும் பாடுகின்றனர்.

ஒரு காட்சியில் டர்க்கி அதுவரை நடந்த கதையைச் சுருக்கிச் சொல்கிறான். இதெல்லாம் தனக்குத் தெரியும் என்கிறான் ஜெஃப். படத்தின் நடுவில் வந்தவர்களுக்குத் தெரியாதே என்கிறான் டர்க்கி. அப்படியானால் என் பாட்டைத் தவறவிட்டுவிட்டார்களா என்று ஜெஃப் பதறுகிறான். அக்கால அமெரிக்கத் திரையரங்குகளில் படங்கள் இடைவிடாமல் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. பார்வையாளர்கள் எந்த நேரத்திலும் உள்ளே வந்து அமர்வது வழக்கம். இதை அறிந்தால்தான் இந்தத் துணுக்கின் பொருள் முழுமையாக விளங்கும்.

சிறுவர்களைப் போலக் கைதட்டி விளையாடத் தொடங்கி, எதிராளி வேடிக்கை பார்க்கும்போது திடீரெனக் குத்துவிடுவது நண்பர்களின் வாடிக்கையான தந்திரம். இப்படத்தில் அது பலிப்பதில்லை. முந்தைய படங்களைப் பார்த்த பார்வையாளர்களை நம்பியே இந்த நகைச்சுவை அமைந்துள்ளது. ஒட்டகம் ஒன்று ஹோப்பின் முகத்தில் துப்பும் காட்சி திட்டமிடப்படாதது. இயக்குநர் அதை நீக்காமல் படத்தில் சேர்த்துக்கொண்டார்.

இசை

பாடல்களுக்கு ஜிம்மி வான் ஹியூசன் இசையமைக்க, ஜானி பர்க் வரிகளை எழுதினார். கிராஸ்பி பாடிய ‘மூன்லைட் பிகம்ஸ் யூ’ என்ற காதல் பாடல் 1943 இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்ற இசைத்தட்டாக விளங்கியது.

சித்தரிப்பு

படத்தின் எப்பகுதியும் மொரோக்கோவில் எடுக்கப்படவில்லை. ஹாலிவுட் அரங்குகளும் அமெரிக்கப் பாலைவனமுமே மொரோக்கோவாகக் காட்டப்பட்டன. அப்போது மொரோக்கோவின் பெரும்பகுதி பிரான்சின் பாதுகாப்பு ஆட்சியின் கீழ் இருந்தது. 1942 நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் அங்கு தரையிறங்கின. அந்நாட்டின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்ட அதே மாதத்தில் படமும் வெளியானது. ஆயினும் கதையில் வரும் நாடு அடிமைச் சந்தை, அரண்மனை, கொடிய ஷேக்குகள் நிறைந்த கற்பனை நாடே. நகைச்சுவையின் கேலி நாயகர்களையும் தயாரிப்பு நிறுவனத்தையும் தாக்குகிறது. அரபு மக்களைப் பற்றிய பழகிப்போன கற்பிதங்களை மட்டும் அது கேள்வி கேட்பதில்லை.

லமூரின் நிலையும் கவனிக்கத்தக்கது. முதல் படத்தில் நடிகர் பெயர் வரிசையில் அவர் ஹோப்புக்கு முன்னால் இருந்தார். இரண்டாம் படம் முதல் ஹோப்புக்குப் பின்னால் இடம்பெற்றார். 1962 இல் வெளியான இறுதிப் படமான ரோடு டு ஹாங்காங்கில் நாயகி வேடம் ஜோன் கொலின்சுக்குச் சென்றது. லமூர் சிறிது நேரமே தோன்றினார். ஆண்கள் இருவரும் வயதான பின்னும் நாயகர்களாகவே நீடித்தனர்.

விருதுகளும் தாக்கமும்

திரைக்கதை எழுதிய பிராங்க் பட்லர், டான் ஹார்ட்மன் ஆகியோர் அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். ஒலிப்பதிவுக்கும் ஒரு பரிந்துரை கிடைத்தது. 1996 இல் இப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத் தேர்வு செய்யப்பட்டது. 1987 இல் வெளியான இஷ்டார் இவ்வரிசைப் படங்களை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் பாலைவனக் காட்சிகள் மொரோக்கோவிலேயே படமாக்கப்பட்டன.