கப்பலேறும் கார், கூடப்போகும் காகிதம்

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களில் முதலாவதாக எண்ணப்படுவது இளையாத்தங்குடி. கீழச்சிவல்பட்டிக்கு அருகே உள்ள இந்தச் சிற்றூரின் கோயிலைச் சேர்ந்த புள்ளிகள், அதாவது குடும்பத்தினர், செட்டிநாட்டின் பல ஊர்களிலும், சென்னையிலும், கோலாலம்பூரிலும், சிங்கப்பூரிலும், அமெரிக்காவிலும் பரவிக் கிடக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பல இன்னமும் பங்காளிகளின் பொதுச் சொத்து. முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறந்து, முடிந்ததும் பூட்டப்படுபவை. அப்படி ஒரு வீட்டின் கொட்டகையில் ஐயா காலத்துக் கார் ஒன்று நிற்கிறது, அதுவும் இருவர் மட்டும் உட்காரும் எம்.ஜி.யோ டிரையம்ஃபோ என்று வையுங்கள். வெளிநாட்டு ரசிகர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டால் வீட்டுக்காரர் முதலில் நினைப்பது துருவையும் டயரையும் எஞ்சினையும் பற்றித்தான். ஆனால் கடல் கடந்து விற்கப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலையில் பெரும்பங்கு இரும்பில் இல்லை, அதன் காகிதங்களில் இருக்கிறது. காகிதம் இல்லாத இடத்தில்தான் மோசடியும் வழக்கும் நுழைகின்றன. குடும்பத்தின் நினைவு தொலைந்துபோவதும் அங்கேதான்.

சேகரிப்பாளர் உலகம் ஒரு காரை மதிப்பிடும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆலையில் பதிந்த எண்களோடு பொருந்துகின்றனவா, முதல் சொந்தக்காரர் யார், எந்த ஆண்டு எந்த முகவர் வழியாக வந்தது, ஆர்.சி. புத்தகத்தில் இடைவெளி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரே ஆண்டு, ஒரே மாடல், ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள் நின்றாலும், வாங்கிய ரசீதும் பழைய புகைப்படங்களும் பட்டறைக் கணக்கும் உள்ள வண்டிக்கே கூடுதல் விலை. பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. இங்கிலாந்தின் கேடன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் எம்.ஜி., டிரையம்ஃப் போன்ற பல பழைய நிறுவனங்களின் உற்பத்திப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. சேசிஸ் எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால், பதிவேட்டில் உள்ளபடி அந்த வண்டி எப்போது கட்டப்பட்டது, என்ன நிறம் பூசப்பட்டது, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருகிறார்கள். விளம்பரம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான்.

ராஜ்கோட் சமஸ்தானத்தின் ரோல்ஸ்ராய்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 1934இல் ராஜ்கோட் மன்னருக்காகக் கட்டப்பட்ட அந்த ஃபான்டம் 2 வண்டிக்கு 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்று பெயர். 1968இல் அது வெளிநாட்டுக்கு விற்கப்பட்டது. முன்னாள் அரச குடும்பங்களின் வருமானம் சுருங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இப்படிப் பல வண்டிகள் கப்பலேறின. ஆனால் இந்த வண்டியின் கதை எங்கேயும் அறுந்துபோகவில்லை. யார் கட்டியது, யாருக்காகக் கட்டியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது எழுத்தில் இருந்தது. அதனால்தான் 2010இல் அது ஏலத்துக்கு வந்தபோது அதே அரச குடும்பத்தின் வாரிசு அதை அடையாளம் கண்டு வாங்கித் தன் ஊருக்கு மீட்க முடிந்தது. விற்றவர்கள் வண்டியை மட்டும் இழந்தார்கள், அதன் வரலாற்றை இழக்கவில்லை.

செட்டிநாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் கண்ணாடிகளும் எனாமல் பாத்திரங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போயின. எந்த ஊர், எந்த வீடு, எந்தக் கட்டு என்ற குறிப்பு பெரும்பாலும் கூடப் போகவில்லை. பேரேடும் சிட்டையும் ஐந்தொகையும் எழுதி ரங்கூனிலும் பினாங்கிலும் தொழில் நடத்திய சமூகம், பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களைக் கரண்டி முதல் பட்டியலிட்ட சமூகம், தன் வீட்டுப் பொருளை விற்கும்போது ஒரு வரி எழுதாமல் விட்டது வருத்தம் தருகிறது. எழுதாதவர் இழந்தது காசும்கூட. ஊர் பேர் இல்லாத தூணுக்கு மரத்தின் விலைதான் கிடைக்கும்.

காகிதத்தைப் பொய்யாகவும் தயாரிக்கலாமே என்று கேட்பது நியாயம். தயாரித்திருக்கிறார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது போலி உரிமைப் பத்திரங்களை நம்பித்தான். ஆனால் அந்தப் பொய்யை உடைத்ததும் ஆவணமே. சிலை கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படம் சாட்சி சொன்னது, 2014இல் நடராஜர் திரும்பினார். பொய்ப் பத்திரத்துக்கு எதிரான ஒரே காவல், அதற்கு முன்பே எடுத்து வைத்த மெய்ப் பத்திரம்.

காருக்கு வருவோம். எல்லாப் பழைய காரையும் நினைத்தபடி ஏற்றுமதி செய்துவிட முடியாது. சமஸ்தான வண்டிகள் வரிசையாக வெளியேறியதைப் பார்த்து 1970களின் தொடக்கத்தில் அரசு கடிவாளம் போட்டது. 1950 ஜனவரி 1க்கு முன் தயாரான காரும் அதன் பாகங்களும் நாட்டைவிட்டுப் போக வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் உரிமம் தேவை. அதற்குப் பிந்திய வண்டிகளுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆகவே 1949இல் கட்டிய எம்.ஜி.க்கும் 1955இல் கட்டியதற்கும் நடுவே சட்டம் பெரிய கோடு கிழித்திருக்கிறது. வண்டி கோட்டின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது பழைய ஆர்.சி.யோ ஆலைச் சான்றிதழோதான். நூறு வயது தாண்டிய வண்டி என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கு என்று வந்தால் அதில் சிறைத்தண்டனையும் உண்டு. எனவே இந்திய தொல்லியல் துறையின் கருத்தை எழுத்தில் வாங்கிவிடுவதே பாதுகாப்பு.

அடுத்து, கார் யாருடையது என்ற கேள்வி. செட்டிநாட்டில் இதுதான் மிகவும் கனமானது. ஆர்.சி. ஐயா பெயரில் நிற்கும், அவர் காலமாகி ஐம்பது வருடம் ஆகியிருக்கும், பங்காளிகள் நான்கு நாடுகளில் இருப்பார்கள். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் விற்றுவிட முடியாது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் எழுத்து மூலமான சம்மதம், பதிவுபெற்ற உரிமையாளர் இறந்தபின் உரிமை மாற்றக் கொடுக்கும் படிவம் 31 ஆகிய மூன்றும் முடிந்து ஒருவர் பெயருக்கு ஆர்.சி. மாறிய பிறகே பேச்சைத் தொடங்கலாம். கடன் ஏதும் பதிவில் இருந்தால் அதை நீக்க வேண்டும். வண்டி நிரந்தரமாக வெளிநாடு போகிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். 2021 முதல், ஐம்பது ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்குத் தனி விண்டேஜ் பதிவு இருக்கிறது. பதிவு அறுந்துபோன வண்டிக்கு மறுபடி சட்டப்படி ஓர் அடையாளம் தர இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும், தரகர் நாளையே ரொக்கம் தருகிறாரே என்பார்கள். அந்த ரொக்கத்தின் அளவு ஏன் சிறியது என்று கேட்க வேண்டும். தரகர் இதே வேலைகளைச் செய்து முடித்து, அந்த வித்தியாசத்தைத் தன் லாபமாக எடுக்கிறார். செய்யாமலே கைமாற்றிவிட்டால் இன்னும் மோசம். சாலையில் விபத்து நடந்தாலும் வண்டி குற்றத்தில் சிக்கினாலும் பதிவில் இருப்பது நம் வீட்டுப் பெயர்.

பணம் வரும் வழியில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். உலகம் முழுக்க ஒரே அச்சில் நடக்கும் மோசடி ஒன்று உண்டு. வாங்குபவர் காரைப் பார்க்கக் கேட்க மாட்டார், பேரமும் பேச மாட்டார். விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் தன் கப்பல் முகவருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார். வங்கி அந்தக் காசோலையைத் தற்காலிகமாக வரவு வைக்கும், நாம் மிச்சத்தை அனுப்புவோம், சில வாரம் கழித்துக் காசோலை போலி என்று திரும்பும். முகவரும் அவரே. பணம் சுங்கத்தில் சிக்கிவிட்டது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள் என்பது இதன் இன்னொரு முகம். விற்பவர் பணம் அனுப்ப வேண்டிய கட்டம் முறையான விற்பனையில் வரவே வராது. அப்படிக் கேட்டால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். ஒற்றைக் காருக்குச் சிறந்த வழி, முழுத்தொகையும் வங்கி வழியாக நம் கணக்குக்கு வந்து, வந்ததை நம் வங்கியே உறுதி செய்த பின் வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றுவது. பெரிய தொகை என்றால் வங்கிக் கடன் உறுதிக் கடிதம் கேட்கலாம். அதிலும் வங்கி காரைப் பார்ப்பதில்லை. பில்லும் கப்பல் சரக்கு ரசீதும் கடிதத்தில் சொன்னபடி எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். சேசிஸ் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் பணம் நின்றுவிடும்.

செட்டிநாட்டில் வேறொரு யோசனையும் இயல்பாக எழும். சிங்கப்பூரில் மச்சான் அங்கேயே பணத்தை வாங்கிக்கொள்ளட்டும், இங்கே கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது. நம் முன்னோர் உண்டியல் எழுதியே கடல் கடந்து பணம் அனுப்பவில்லையா என்ற கேள்வியும் கூடவே வரும். அனுப்பினார்கள், ஆனால் அந்த உண்டியல் இரு முனையிலும் பேரேட்டில் ஏறியது, அதைக் காட்டிப் பணம் கேட்க முடிந்தது. இன்றைய மறைமுகக் கைமாற்றில் எழுத்தே இல்லை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி ஏற்றுமதிப் பணம் குறித்த காலத்துக்குள் வங்கி வழியாக நாட்டுக்குள் வர வேண்டும். சுங்கத்தில் கொடுத்த ஏற்றுமதிப் பத்திரத்தோடு வங்கி அதைப் பொருத்திப் பார்க்கிறது. பாதி விலைக்கு பில் போடுங்கள், எனக்கு வரி குறையும் என்று வாங்குபவர் கேட்பதற்கும் இதே பதில்தான். நடுக்கடலில் வண்டி சேதமானால் காப்பீடு அந்தப் பாதி விலையைத்தான் தரும், பொய்யில் நம் கையெழுத்தும் இருக்கும்.

வாங்குபவர் நாட்டின் சட்டம் அவருடைய தலைவலி என்று விட்டுவிடவும் முடியாது. அமெரிக்காவில் 25 வயது தாண்டிய வண்டிக்குப் பாதுகாப்புத் தர விதிகளில் விலக்கு உண்டு. பிரிட்டனில் 30 வயது தாண்டி அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குச் சுங்க வரி இல்லாமல் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி மட்டும் என்ற சலுகை இருக்கிறது. இலங்கை 2020இல் வாகன இறக்குமதியையே நிறுத்தி 2025இல்தான் தளர்த்தியது. அங்கே துறைமுகத்தில் வண்டி நின்றுபோனால் வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு நம்மிடம்தான் வருவார். 'அசல் நிலை' என்பதைப் பிரிட்டனில் நிரூபிப்பதும் நாம் கொடுத்தனுப்பும் தாள்களே.

குறைகளை எழுதிக் கொடுத்தால் விலை விழும் என்ற பயம் பலருக்கு. முகம் தெரியாத இருவருக்கு நடுவே நடக்கும் வியாபாரத்தில் இது தலைகீழ். துருப்பிடித்த தரை, மாற்றிய கார்புரேட்டர், ஓடாத மீட்டர் எல்லாவற்றையும் படத்தோடு எழுதி அனுப்பியவரின் மற்ற சொற்களையும் வாங்குபவர் நம்புவார். மறைத்தவரிடம் அவர் தன் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். தகராறு வந்தால் அந்தப் பட்டியலே விற்றவருக்குக் கேடயம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது, அதுதான் எல்லாவற்றிலும் கனமானது. சரியான காகிதத்தோடு போனாலும் போனது போனதுதானே, செட்டிநாட்டின் வரலாற்றில் ஒரு துண்டு அல்லவா அது? இந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். காரை இங்கேயே வைத்துக் காக்க வசதியும் ஆசையும் உள்ளவர் இருந்தால் அவருக்கே கொடுப்பது நல்லது. தொடக்க காலத்தில் காரைக்குடியில் ஸ்டுடியோ நடத்திய ஏவி.எம். பட நிறுவனம் சென்னையில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பழைய வண்டிகள் நிற்பது அப்படிப்பட்ட ஆசையின் பலன். ஆனால் பூட்டிய கொட்டகையில் கரையானுக்கும் எலிக்கும் கொடுப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த ஒரு லட்சம் அளவிலான நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். விற்பனை எழுத்தோடு நடந்தது, சேகரம் கடல் தாண்டவில்லை, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. மைக்ரோஃபிலிம் படிகளும் எடுக்கப்பட்டன. வாங்குபவர் வெளிநாட்டவர் என்பதால் மட்டும் ஒரு செல்வம் அழிந்துவிடுவதில்லை என்பதற்குச் செட்டிநாட்டிலேயே இந்தச் சான்று இருக்கிறது.

கார் நூலகம்போல இங்கேயே நின்றுவிடாது. அதன் படி நிற்கலாம். ஆர்.சி. பக்கங்கள், வாங்கிய ரசீது, எண்களின் புகைப்படம், வீட்டு முகப்பில் வண்டி நின்ற பழைய படங்கள் எல்லாவற்றையும் கப்பலேற்றும் முன் ஸ்கேன் செய்து குடும்பமும் ஒரு நூலகமும் வைத்துக்கொள்ள அரை நாள் வேலைதான். அரசும் இதில் சேரலாம். ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியின் பதிவை ஏற்றுமதிக்காக ரத்து செய்யும்போது, அந்தக் கோப்பின் நகலைப் போக்குவரத்துத் துறை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும்.