உடைஞ்சா பரவாயில்ல!

அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்த பலருக்கு அந்த இரும்பு பீரோ ஞாபகம் இருக்கும். காந்தம், லென்ஸ், கண்ணாடிக் குடுவை எல்லாம் அதற்குள்தான் இருக்கும். என்ன, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான் வெளியே வரும்!

1987-ல் மத்திய அரசு 'கரும்பலகைத் திட்டம்' கொண்டுவந்து, தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டிகள் கொடுத்தது. பல ஊர்களில் அந்தப் பெட்டியும் பீரோவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குடுவை உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது, ஆடிட்டில் யார் பதில் சொல்வது? பூட்டி வைப்பதே நிம்மதி.

இந்தப் பூட்டைத் திறக்கும் வழியை அதற்கு முன்பே சிலர் யோசித்திருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972-ல், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. நான்கு நான்கு பிள்ளைகளாக உட்கார்ந்து, தாங்களே சோதனை செய்து பார்க்க வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. முக்கியமாக, உடைந்த, தீர்ந்துபோன பொருள்களுக்குப் பதில் வேறு கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது.

கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்து, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த அர்விந்த் குப்தா, 1978-ல் ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு இங்கே வந்தார். கிராமத்து வாரச் சந்தையில் அவர் கண்ணில் பட்டது, சைக்கிள் வால்வ் டியூப். அதை வைத்து அவர் செய்ததை இன்று மாலையே வீட்டில் செய்து பார்க்கலாம்.

சைக்கிள் கடையில் ஒரு முழம் வால்வ் டியூப் வாங்குங்கள். ஒரு தீப்பெட்டி போதும். குச்சிகளின் மருந்தைப் பெரியவர்கள் சுரண்டி எடுத்துவிட வேண்டும். டியூபைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு குச்சியைச் செருகினால் அதுதான் மூட்டு. இப்படி நான்கு குச்சிகளில் ஒரு சதுரம் செய்து, மூலையைப் பிடித்து லேசாக அழுத்துங்கள். சரிந்து, பட்டம் மாதிரி ஆகிவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள். அசையாது! செல்போன் டவரிலும் ரயில் பாலத்திலும் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு இனி யாரும் சொல்லித் தர வேண்டாம். மூட்டின் நடுவே கருவேல முள்ளால் ஓட்டை போட்டால் மூன்றாவது குச்சியும் நுழையும். ஆறு குச்சி, நான்கு மூட்டில் ஒரு குட்டிப் பிரமிடு தயார்.

'அப்படியானால், ஏழைப் பிள்ளைகளுக்குத் தீக்குச்சியும் குப்பையும் போதுமா?' என்று கேட்கத் தோன்றும். போதாது. எறும்பின் காலைப் பெரிதாக்கிக் காட்ட லென்ஸ்தான் வேண்டும். திசை காட்டக் காந்தம்தான் வேண்டும். விஷயம் விலை மலிவு என்பதில் இல்லை. தொலைந்தாலும் உடைந்தாலும் திட்டு விழாது என்பதில் இருக்கிறது.

ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆனால், குப்தா நிறுத்தவில்லை. 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய பொம்மைகளின் செய்முறை வீடியோக்கள் இணையத்தில் இலவசம், தமிழிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு 2022-ல் 'வானவில் மன்றம்' வந்தது. கருத்தாளர்கள் பள்ளிக்கே போய் எளிய பொருள்களில் சோதனை செய்து காட்டுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கை பரபரக்கும்தானே?

பிறந்தநாள், கல்யாண நாளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள், முதலில் ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். ஒரு பெரிய விலையில் ஒரே கருவி வாங்குவதைவிட, நான்கு பிள்ளைக்கு ஒன்று வருகிற மாதிரி லென்ஸ், காந்தம், பலூன், ஸ்ட்ரா, ரப்பர் பேண்டு, நூல் என்று வாங்கலாம். கொடுக்கும்போது 'பயன்படுத்தித் தீர்க்கும் பொருள்கள்' என்று கடிதத்தில் குறிப்பிட்டால், ஆசிரியருக்குப் பதிவேட்டுக் கவலை குறையும். அடுத்த பருவத்தில் ஒரு முறை எட்டிப் பார்த்து, என்னென்ன தீர்ந்தது என்று கேளுங்கள். கிளம்பும்போது, 'உடைஞ்சா பரவாயில்ல டீச்சர், வேற வாங்கித் தர்றோம்' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.