கை-வர்க்கச் சோதனை: ஆய்வு முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

கிளினிக்கில் ஏதாவது ஓர் ஆய்வில் பங்கெடுத்திருந்தால், சில மாதங்களுக்குப் பிறகு முடிவின் சுருக்கம் உங்கள் கைக்கு வரலாம். நாளிதழில் வரும் மருத்துவச் செய்திகளிலும் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள்: "கை-வர்க்கம் 5.76, பி-மதிப்பு 0.05-க்கும் குறைவு, எனவே வேறுபாடு குறிப்பிடத்தக்கது." பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு மருந்தைத் தொடர்வதா, ஓர் உணவை மாற்றுவதா என்ற முடிவு சில நேரங்களில் அந்த வரியில்தான் இருக்கிறது. அதைப் படிக்கக் கணித அறிவு அதிகம் வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் பெயர். இங்கே 'கை' என்பது நம் கையைக் குறிப்பதன்று. அது ஒரு கிரேக்க எழுத்தின் பெயர். 'வர்க்கம்' என்றால் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது. இந்தச் சோதனையை 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர்.

கோலாலம்பூரில் நடந்த ஓர் ஆய்வு

சோதனையை விளக்க வெளிநாட்டு உதாரணத்தைத் தேடிப் போக வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி நோயால் ஏராளமானோர் இறந்தார்கள். கால் வீங்கும், நரம்புகள் தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே இந்நோய் மிகுதி. தமிழர்களிடையே குறைவு. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் என்பவர் இதைக் கவனித்து, காரணம் அரிசியாக இருக்கலாம் என்றார். சீனர்கள் உண்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

இது ஒரு யூகம் மட்டுமே. இரு சமூகத்தாருக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபடுகிறது? வேலை, தங்குமிடம், மற்ற உணவு எல்லாமே வேறுபடுகின்றன. ஆகவே கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்த டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் 1905-இன் இறுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான தீட்டிய அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர் வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இரண்டு வார்டிலும் ஒன்றே. நோய்க்குக் காரணம் கட்டடமாக இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, இடையில் இரு பிரிவினரையும் வார்டு மாற்றியும் பார்த்தார். (இன்று இப்படி ஓர் ஆய்வை நோயாளிகளின் சம்மதமின்றி நடத்த எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அதையும் சொல்லியாக வேண்டும்.)

தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை.

இதைப் பார்த்தவுடன் "அரிசிதான் காரணம்" என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஐயப்படுபவர் ஒருவர் கேட்கலாம்: "அந்த 18 பேரும் தற்செயலாக ஒரே பக்கம் வந்து சேர்ந்திருந்தால்?" கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் கை-வர்க்கச் சோதனை இருக்கிறது.

எதிர்பார்த்ததும் நடந்ததும்

சோதனை ஐயப்படுபவரின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. அரிசிக்கும் மரணத்திற்கும் தொடர்பே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 18 மரணங்களும் இரு பிரிவுகளுக்கும் ஆள் கணக்குப்படி பிரிந்திருக்க வேண்டும். மொத்தம் 243 பேர். அவர்களில் 120 பேர் தீட்டிய அரிசி உண்டவர்கள். 18-ஐ 120-ஆல் பெருக்கி 243-ஆல் வகுத்தால் 8.89. ஆக ஒரு பக்கம் 8.89 மரணம், மறுபக்கம் 9.11 மரணம் எதிர்பார்க்கலாம். முழு எண்ணாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இது கணக்குக்காக மட்டுமே. இதே முறையில், பிழைத்தவர்கள் ஒரு பக்கம் 111.11, மறுபக்கம் 113.89.

இனி நான்கு கட்டங்களிலும் ஒரே வேலை. நடந்த எண்ணிலிருந்து எதிர்பார்த்த எண்ணைக் கழியுங்கள். வந்ததை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு எதிர்பார்த்த எண்ணால் வகுங்கள்.

தீட்டிய அரிசி, மரணம்: நடந்தது 18, எதிர்பார்த்தது 8.89. விடை 9.34.
புழுங்கல் அரிசி, மரணம்: நடந்தது 0, எதிர்பார்த்தது 9.11. விடை 9.11.
தீட்டிய அரிசி, பிழைத்தவர்கள்: நடந்தது 102, எதிர்பார்த்தது 111.11. விடை 0.75.
புழுங்கல் அரிசி, பிழைத்தவர்கள்: நடந்தது 123, எதிர்பார்த்தது 113.89. விடை 0.73.

நான்கையும் கூட்டினால் 19.93. இதுதான் கை-வர்க்க மதிப்பு. நடந்தது எதிர்பார்த்ததைப் போலவே இருந்திருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டி இருந்திருக்கும். இரண்டும் விலக விலக எண் பெரிதாகும். எதற்காக எதிர்பார்த்த எண்ணால் வகுக்கிறோம் என்று சிலர் கேட்பார்கள். ஒன்பது பேரை எதிர்பார்த்த இடத்தில் ஒன்பது பேர் கூடுதலாக வருவது பெரிய செய்தி. நூற்றுப் பதினொரு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஒன்பது பேர் குறைவது அவ்வளவு பெரிய செய்தியன்று. வகுப்பது அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

19.93 என்பது பெரிதா, சிறிதா?

இரண்டுக்கு இரண்டு கட்டம் கொண்ட அட்டவணைக்கு மூன்று எல்லைகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் தொடர்பு ஏதும் இல்லாதபோது, தற்செயலால் மட்டும் கை-வர்க்கம் 3.84-ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து முறை. 6.63-ஐத் தாண்டுவது நூற்றில் ஒரு முறை. 10.83-ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு முறை. அட்டவணையில் கட்டங்கள் கூடினால் இந்த எல்லைகளும் கூடும்.

இந்த 'நூற்றில் ஐந்து', 'ஆயிரத்தில் ஒன்று' என்பவற்றைத்தான் பி-மதிப்பு என்கிறார்கள். 0.05, 0.001 என்று எழுதுவார்கள். கோலாலம்பூர் ஆய்வில் கிடைத்த 19.93 மூன்றாவது எல்லையையும் வெகுவாகத் தாண்டிவிட்டது. ஒரு காசைப் 17 முறை சுண்டி 17 முறையும் பூவே விழுவதைப் போன்றது அது. ஏறத்தாழ 1 லட்சத்து 31 ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. தற்செயல் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது.

ஃபிளெட்சர் தம் முடிவுகளை 1907-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதும், பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது என்பதும் பின்னாளில்தான் தெளிவாயின.

பி-மதிப்பைத் தவறாகப் படிக்காதீர்கள்

படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. பி-மதிப்பு 0.03 என்றால் "மருந்து பலனற்றதாக இருக்க 3 விழுக்காடு வாய்ப்பு" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. "மருந்து பலனற்றது என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர 3 விழுக்காடு வாய்ப்பு" என்பதே பொருள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். டிங்கி வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் காய்ச்சல் அடிக்கும். அதற்காகக் காய்ச்சல் அடிக்கும் எல்லாருக்கும் டிங்கி என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அதே வேறுபாடுதான் இங்கும்.

'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லும் குழப்பம் தரும். வீட்டுப் பேச்சில் அதற்குப் 'பெரிய' என்று பொருள். புள்ளிவிவரத்தில் 'தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு' என்பது மட்டுமே பொருள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு பிரிவில் 50 பேரில் 10 பேருக்கும், இன்னொரு பிரிவில் 50 பேரில் 14 பேருக்கும் குணம் தெரிகிறது. அதாவது 20 விழுக்காடு, 28 விழுக்காடு. கை-வர்க்கம் 0.88 மட்டுமே. முதல் எல்லையைக்கூட எட்டவில்லை. இதே விழுக்காடுகள் பிரிவுக்கு 500 பேரிடம் கிடைத்தால் கை-வர்க்கம் பத்து மடங்காகி 8.77 ஆகிவிடும். வேறுபாடு மாறவில்லை, ஆட்களின் எண்ணிக்கைதான் மாறியது. ஆகவே சிறிய ஆய்வில் "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று வந்தால், வேறுபாடே இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாக எண்ண வேண்டாம். போதிய ஆட்கள் இல்லாததால் தெரியாமல் போயிருக்கலாம். மிகப் பெரிய ஆய்வில் இதற்கு நேர்மாறு: உங்கள் வாழ்க்கையில் எந்த மாற்றமும் தராத அற்ப வேறுபாடுகூட 'குறிப்பிடத்தக்கது' என்று வந்துவிடும். கை-வர்க்கத்தை மட்டும் பார்க்காமல் விழுக்காடுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. தொடர்பே இல்லாத இருபது விஷயங்களைச் சோதித்தால், அவற்றில் ஒன்று தற்செயலாகவே 0.05 எல்லையைத் தாண்டும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஒன்றை மட்டும் விளம்பரத்தில் போட்டு மற்றப் பத்தொன்பதை மறைப்பவர்களும் உண்டு.

தொடர்பு இருந்தால் காரணம் ஆகிவிடுமா?

1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபர்ட் ஹில் என்ற இருவர் லண்டன் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் 2 பேர் மட்டுமே. வேறு நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் 27 பேர். பெண்களில், புற்றுநோய் வந்த 60 பேரில் 19 பேரும், மற்ற 60 பேரில் 32 பேரும் புகைபிடிக்காதவர்கள்.

பெண்களின் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இரு பிரிவும் 60 என்பதால் சுலபம். புகைபிடிக்காதவர்கள் மொத்தம் 51, பக்கத்துக்கு 25.5. புகைபிடிப்பவர்கள் 69, பக்கத்துக்கு 34.5. எல்லாக் கட்டத்திலும் விலகல் 6.5. கை-வர்க்கம் 5.76 வரும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த எண் இதுதான். முதல் எல்லையைத் தாண்டிவிட்டது, இரண்டாவதைத் தாண்டவில்லை. ஆண்களின் கணக்கில் ஏறத்தாழ 22 வரும்.

ஆனால் இந்த ஆய்வுக்கும் கோலாலம்பூர் ஆய்வுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே யாருக்கு எந்த அரிசி என்பதை வரிசை எண் தீர்மானித்தது. லண்டனில் யார் புகைப்பது என்பதை அவரவரே தீர்மானித்துக்கொண்டார்கள். புகைப்பவர்கள் வேறு விதங்களிலும் மாறுபட்டவர்களாக இருக்கலாமே? இந்தக் கேள்விக்குக் கை-வர்க்கச் சோதனை பதில் சொல்லாது. தற்செயலா, இல்லையா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் அவ்விருவரும் அத்தோடு நிற்காமல், 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அதிகம் புகைத்தவர்களுக்கு ஆபத்து அதிகம், விட்டவர்களுக்குக் குறைவு என்று தெரிந்தது. புகைப்பழக்கம் இருந்த டால், முதல் ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே அதை விட்டுவிட்டார்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால்

"இந்தக் கஷாயம் குடித்தவர்களில் 80 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை குறைந்தது" என்று ஒரு செய்தி வருகிறது. இதில் கை-வர்க்கம் போடவே முடியாது. மொத்தம் எத்தனை பேர்? ஐந்து பேரில் நால்வரும் 80 விழுக்காடுதான். கஷாயம் குடிக்காதவர்களில் எத்தனை பேருக்குக் குறைந்தது? இந்தச் சோதனைக்குத் தலை எண்ணிக்கை வேண்டும், விழுக்காடு மட்டும் போதாது. ஒப்பிட இன்னொரு பிரிவும் வேண்டும். ஒருவரை ஒருமுறைதான் எண்ண வேண்டும், ஒரே ஆள் மூன்று தடவை வந்து சோதித்துக்கொண்டால் அதை மூவராக எழுதக் கூடாது. எந்தக் கட்டத்திலாவது எதிர்பார்த்த எண் 5-க்கும் குறைவாக இருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது, அதற்கு ஃபிஷர் சோதனை என்ற வேறு முறை இருக்கிறது.

இப்படி ஒரு செய்தியை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். செய்தியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டி, எத்தனை பேரைச் சோதித்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். நீங்களே ஓர் ஆய்வில் பங்கெடுத்திருந்தால், முடிவுச் சுருக்கத்தில் அட்டவணை இல்லாவிட்டால், ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள்.