சக்கை யாருடையது?

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் லால்குடி வட்டம், அதில் காட்டூர். அங்குள்ள கோத்தாரி சர்க்கரை ஆலை கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும் எடுக்கிறது. 'இணை மின் உற்பத்தி' என்கிறார்கள். 'பசுமை மின்சாரம்' என்றவுடன் நம் சூழலியல் நண்பர்கள் கேள்வியை நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அதையே காயவைத்து அடுப்பில் தள்ளுவார்கள். தனியாக விறகு வாங்குவதில்லை. ஆலை செய்வதும் இதுதான், ஒரு படி கூடுதலாக. சக்கை எரிந்து உண்டாகும் உயர் அழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றும். அழுத்தம் இறங்கிய அதே நீராவி பிறகு சாற்றைக் காய்ச்சப் போகும். சாதாரண அனல் நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது, மீதி பெரும்பாலும் வீண். இங்கே அந்த மீதிக்கும் வேலை உண்டு. (திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை இருக்கிற ஊருக்கு இதை விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான்.) ஆனால் அரவை முடிந்து, காய்ச்சச் சாறே இல்லாத மாதங்களில் நிலக்கரி போட்டு ஓட்டினால் அதில் 'இணை' ஏதுமில்லை, வெறும் சின்ன அனல் நிலையம்.

2003 மின்சாரச் சட்டத்தின் 86ஆம் பிரிவு இணை உற்பத்தியை ஊக்குவிப்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் பணியாக்கியது. தமிழ்நாட்டு ஆணையம் 2009 மே மாதம் சக்கை மின்சாரத்துக்கு விலை ஆணை பிறப்பித்தது. மூலதனம், வட்டி, பராமரிப்பு, முதலாளியின் லாபம் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. எரிபொருள் என்ற தலைப்பில் சக்கைக்கும் டன் விலை உண்டு. கவனியுங்கள்: மின் கணக்கில் பண்டமாக இருக்கிற சக்கை, கரும்புக் கணக்குக்கு வந்ததும் மறுபடி 'கழிவு' ஆகிவிடுகிறது. உபபொருள் வருமானமும் கருதப்படும் என்று கரும்பு விலை விதியில் ஒரு வரி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விவசாயியின் விலை ஏறுவதும் இறங்குவதும் சர்க்கரைப் பிழிதிறனை வைத்துத்தான்.

2012இல் ரங்கராஜன் குழு சொன்னது: சர்க்கரை, சக்கை, மொலாசஸ் முதலானவற்றின் மதிப்பில் 70 விழுக்காடு விவசாயிக்கு; அல்லது சர்க்கரை மதிப்பில் மட்டும் ஏறத்தாழ 75. முதல் வழியில்கூட எண்ணப்படுவது சக்கைதான். அது மின்சாரமாகிற இடத்தில் பிறக்கும் உபரி கணக்குக்கே வருவதில்லை. 2018இல் தமிழ்நாட்டில் மாநிலப் பரிந்துரை விலைக்குப் பதிலாக வருவாய்ப் பங்கீட்டுச் சட்டம் வந்தபோது விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. எதிர்ப்பின் மையம் இழந்த விலையாக இருந்தது. நியாயந்தான். ஆனால் மின்சாரத்தில் பங்கு என்ற கோரிக்கையையும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பாக்கியும் ஒரு சங்கிலி. மின்வாரியம் ஆலைக்குத் தாமதிக்கும், ஆலை அதையே காரணம் காட்டி விவசாயியைக் காக்க வைக்கும். 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. வட்டியை யார் சார் கேட்கிறது, அசலுக்கே மறியல் பண்ண வேண்டியிருக்கு.