பழைய வீட்டுக்குப் புதிய சன்னல்: வாங்கும் முன் சில கணக்குகள்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைப் புதுப்பித்துப் பார்ப்பதும் அவ்விரண்டுக்கும் சற்றும் இளைத்ததன்று. 1970, 1980ஆம் ஆண்டுகளில் நம் தாத்தா பாட்டியும் பெற்றோரும் வாங்கிய வரிசை வீடுகள் பல இன்று நாற்பது வயதைக் கடந்து நிற்கின்றன. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து அவற்றைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவ்வேளையில் முதலில் கழற்றி எறியப்படுபவை பழைய நாக்கோ சன்னல்களே. அந்த இடத்தில் பெரிய கண்ணாடிகள் கொண்ட தள்ளு சன்னல்கள் பொருத்தப்படுகின்றன. வீடு பளிச்சென்று மாறுகிறது. ஆனால், வீட்டினுள் புழுக்கமும் கூடுகிறது. பின்னர் அறைக்கொரு குளிர்சாதனம் வாங்க நேர்கிறது, மின்கட்டணமும் ஏறுகிறது.

குத்தகையாளர் கொடுக்கும் விலைப்புள்ளி பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதைப் படித்துப் பெற்றோருக்கு விளக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையின் தலையில்தான் வந்து விழும். ஆகவே, சன்னல், கதவு பற்றிய சில அடிப்படைச் செய்திகளை நாம் அறிந்து வைத்திருப்பது நலம்.

குளிர்நாட்டு அறிவுரை நமக்குப் பொருந்துமா?

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சன்னல் என்றதும் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. குளிர்நாடுகளில் வீட்டினுள் இருக்கும் வெப்பம் வெளியே போய்விடக் கூடாது. அதற்கு இரட்டைக் கண்ணாடி பெரிதும் உதவுகிறது. நம் நாட்டு நிலை வேறு. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

மேற்குப் பக்கம் 12 சதுர அடிச் சன்னல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது ஏறக்குறைய 1.1 சதுர மீட்டர். தெளிவான மாலை வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் அளவில் அதன் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அந்த வெப்பத்தில் சுமார் 80 விழுக்காட்டை உள்ளே விட்டுவிடும். அப்படியானால் அறைக்குள் நுழைவது 440 வாட். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 2,600 வாட். அதில் ஆறில் ஒரு பங்கை இந்த ஒரு சன்னலே தின்றுவிடுகிறது.

வெளியே 33 பாகை, உள்ளே 25 பாகை என்றால், இந்த வெப்பநிலை வேறுபாட்டால் அதே கண்ணாடி வழியாக ஊடுருவும் வெப்பம் ஏறக்குறைய 50 வாட் மட்டுமே. இரட்டைக் கண்ணாடி முதன்மையாகக் குறைப்பது இந்த 50 வாட்டைத்தான். நமக்குப் பெரும்பகை நேரடி வெயிலே என்பது இதிலிருந்து தெளிவாகும்.

நிழலே முதல் மருந்து

வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே அதைத் தடுப்பதுதான் சிறந்த வழி. உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தைத் தடுக்கும். ஆனால், கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது. எனவே, வடக்கு, தெற்குச் சன்னல்களுக்கு மேலே ஒரு கூரை நீட்டம் இருந்தாலே பெரும்பாலும் போதும். கிழக்கிலும் மேற்கிலும் காலை, மாலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருகிறது. அங்குக் கூரை நீட்டம் மட்டும் பயன் தராது. வெளியே தொங்கவிடும் மூங்கில் தட்டி, செங்குத்துத் தடுப்பு, மரம் ஆகியவையே கைகொடுக்கும். விலையுயர்ந்த கண்ணாடியைவிட மூங்கில் தட்டி மலிவு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நிழல் அமைக்க முடியாத இடத்தில்தான் கண்ணாடியைப் பற்றி யோசிக்க வேண்டும். கண்ணாடி அல்லது ஒட்டும் படலத்தின் விவரத்தாளில் எஸ்.எச்.ஜி.சி. என்னும் எண் இருக்கும். வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதை அது காட்டும். 0.8 என்றால் 80 விழுக்காடு, 0.4 என்றால் 40 விழுக்காடு. நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சூரிய வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. கறுப்புப் படலம் வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிட்டு அவ்வெப்பத்தை உள்ளே விடவும் கூடும்.

காற்று நுழையும் பரப்பு

1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் 39ஆம் விதி குறிப்பிடத்தக்கது. வசிக்கும் அறையின் சன்னல் பரப்பு, தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; காற்று தடையின்றிச் செல்லும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது அவ்விதி.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் தரைப் பரப்பு 120 சதுர அடி. அதற்கு 12 சதுர அடிச் சன்னலும் 6 சதுர அடித் திறப்பும் தேவை. தள்ளு சன்னல் பாதிதான் திறக்கும். 12 சதுர அடித் தள்ளு சன்னலில் சட்டத்தைக் கழித்தால் 6 சதுர அடிகூடக் கிடைக்காது. பழைய நாக்கோவோ தன் பரப்பில் பெரும்பகுதியைக் காற்றுக்குத் திறந்துவிட்டது. மழைச்சாரல் அடித்தபோதும் ஓரளவு திறந்து வைக்க முடிந்தது. கீல் வைத்து வெளிப்பக்கம் முழுமையாகத் திறக்கும் சன்னலும் அதற்கு ஈடாகும்.

காற்றாடி அறையா, குளிர்சாதன அறையா?

வீடு முழுவதற்கும் ஒரே வகைச் சன்னலை வாங்குவதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் அறை அறையாக முடிவெடுப்பது நன்று. வரவேற்பறை, சமையலறை போன்ற இடங்களில் காற்றாடிதான் சுழலப் போகிறது என்றால், அங்கு நல்ல நிலையிலுள்ள நாக்கோவைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. உடைந்த கண்ணாடித் தகடுகளை மட்டும் மாற்றினால் போதும்.

குளிர்சாதனம் பொருத்தும் படுக்கையறைக்கு நாக்கோ பொருந்தாது. தகடுகளின் இடுக்கு வழியாக வெளிக்காற்று கசிந்துகொண்டே இருக்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. குளிர்சாதனம் காற்றைக் குளிர்விப்பதோடு அந்த ஈரத்தையும் நீராக்கி வெளியேற்ற வேண்டியிருப்பதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. இங்கே இரப்பர் விளிம்போடு இறுக மூடும் கீல் சன்னல் ஏற்றது. கதவுக்கு அடியிலுள்ள இடைவெளிக்கும் ஓர் இரப்பர் பட்டை ஒட்டிவிட வேண்டும். கதவுக்கு மேலே பழைய காற்றுத் துளைகள் இருந்தால், இந்த அறையில் மட்டும் அவற்றை மூடும் வசதி செய்துகொள்ளலாம்.

பின்வாசலை மறந்துவிடாதீர்

வரிசை வீட்டின் நடுவில் உள்ள வீடுகளுக்கு இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள். காற்று முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேற வேண்டும். சமையலறையைப் பின்னால் நீட்டும்போது பின்னறைச் சன்னல் சுவருக்குள் சிக்கிக்கொள்கிறது. காற்று போகும் வழியும் அடைபடுகிறது. அதன் பிறகு முன்பக்கம் எவ்வளவு நல்ல சன்னல் போட்டாலும் பயன் இல்லை. நகராண்மைக் கழகத்திடம் கொடுக்கும் வரைபடத்திலேயே பின்பக்கத்துக்குப் போதிய திறப்பை வைத்துவிட வேண்டும். இரும்புக் கம்பிக் கதவோடு கொசுவலைக் கதவும் இருந்தால், பாதுகாப்புக்குக் குறைவின்றி மரக்கதவைத் திறந்து வைக்கலாம். கொசுவலையும் காற்றை ஓரளவு தடுக்கும் என்பதால் திறப்பைச் சற்றுப் பெரிதாகவே வைப்பது நல்லது.

நண்பர்களே, விலைப்புள்ளி கைக்கு வந்ததும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? எத்தனை சதுர அடி திறக்கும்? கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. எண் என்ன? இந்த அறையில் ஓடப்போவது காற்றாடியா, குளிர்சாதனமா? பணம் போதாவிட்டால் மேற்குப் பக்கத்தை முதலில் கவனியுங்கள். மற்றவை பிறகு ஆகட்டும். முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் அது. அதைச் செலவழிக்கும் முன் பெற்றோரோடு அரைமணி நேரம் அமர்ந்து இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது, படித்த பிள்ளைகளாகிய நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய சிறு கைம்மாறு எனலாம்.