ஸ்கிராட்ச்: மனப்பாடம் போதும், கதை செய்வோம்!

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் கடைசிப் பாடம் 'காட்சித் தொடர்பு'. ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைப் பற்றி அதில் சொல்லித் தருகிறார்கள். மகாராஜபுரத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சிலரிடம் அதைப் பற்றிக் கேட்டோம். பதில் சரியாகவே வந்தது. ஆனால் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒரு மதிப்பெண்ணுக்காகப் படித்ததோடு சரி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் வெளியிட்ட இந்த மென்பொருள் முற்றிலும் இலவசம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நகர், பேசு, காத்திரு போன்ற கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் உருவம் அதன்படி நடக்கும். கணக்கு தொடங்காமலே இணையத்தில் செய்து, கணினியில் சேமித்துக்கொள்ளலாம். கைபேசியின் சிறிய திரையில் கட்டைகளை இழுப்பது சிரமம், கணினிதான் வசதி.

முதலில் கதையைத் தாளில் எழுதுங்கள். நான்கு காட்சி போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் இருக்கிறது. அந்த அணில் ஒன்று தண்ணீர் தேடி அடிவாரத் தோப்புக்கு இறங்கி வருகிறது, அங்கே ஒரு சிறுவனைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிராட்சைத் திறந்ததும் நிற்கும் பூனையை நீக்கிவிட்டு அணிலை நீங்களே வரையலாம். இப்படி நடிக்கும் உருவத்துக்கு ஸ்பிரைட் என்று பெயர். கால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு படம் வரைந்தால், அவை அந்த அணிலின் இரண்டு 'காஸ்ட்யூம்'. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, இடையில் 0.2 விநாடி காத்திருக்கச் சொல்லி, கூடவே சில அடி நகர்த்தினால் அணில் நடக்கும். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும்!

புதியவர்கள் தடுமாறுவது உரையாடலில்தான். பச்சைக் கொடியை அழுத்தியதும் அணிலும் சிறுவனும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். ஏதோ கெட்டுவிட்டது என்று பலர் மூடிவிடுவதும் இங்கேதான். காரணம் எளிது: இருவரின் கட்டளைகளும் ஒன்றாகவே ஓடுகின்றன. அணில் 2 விநாடி பேசினால், சிறுவனின் பேச்சுக்கு மேலே 'காத்திரு 2 விநாடி' என்ற கட்டையை வையுங்கள். கதை நீண்டால் விநாடிக் கணக்கு குழம்பும். அப்போது அணில் பேசி முடித்ததும் ஒரு செய்தியை 'ஒலிபரப்பு' செய்யட்டும், அது கிடைத்த பிறகே சிறுவன் பேசட்டும். பேச்சைத் தமிழில் தட்டச்சு செய்யலாம். பிள்ளையின் குரலையே பதிவு செய்தும் சேர்க்கலாம்.

மார்க்கக் கதைகளைச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். நபிமார்களை உருவமாகக் காட்டக் கூடாது என்பதைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். அணிலும் ஓடையும் தரும் கதைகளே ஏராளம்.

இணையம் என்றாலே சில பெற்றோருக்குப் பயம். அதில் நியாயமும் உண்டு. கதையை இணையத்தில் பகிர விரும்பினால் பயனர் பெயரில் பிள்ளையின் உண்மைப் பெயர் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். பகிராமலும் இருக்கலாம். இணையமின்றி இயங்கும் ஸ்கிராட்சை ஒருமுறை பதிவிறக்கிவிட்டால், விடுமுறை நாளில் ஒரே மடிக்கணினியைச் சுற்றி நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து, ஒருவர் வரைய, ஒருவர் பேச, கதையைச் செய்து முடிக்கலாம்.