சரித்திர நாடகங்களில் மெய்ம்மையும் புனைவும்

அரசர் வரலாற்றை அரங்கிலேற்றுவார்க்குக் கருவியாவன இரண்டு. ஒன்று, ஏடுகளாலும் கடிதங்களாலும் நிலைபெற்ற நிகழ்ச்சி. மற்றொன்று, அதனைச் சுவைப்படுத்தும் கற்பனை. இவ்விரண்டும் கலந்தாலன்றி நாடகம் நாடகமாகாது. ஆயின், கற்பனை எவ்விடத்துப் புகலாம், எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது. அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் பிறநாட்டு உதாரணம் ஒன்று காண்போம். டியூடர் குலத்து எலிசபெத்து அரசியும் ஸ்காத்துலாந்து அரசி மேரியும் ஒருவரையொருவர் நேரிற் கண்டவரல்லர். மேரி 1568-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து, ஏறத்தாழ 19 ஆண்டுகள் காவலிலிருந்து, 1587-இல் தலை துணிக்கப்பெற்றார். செருமானியப் புலவர் ஷில்லரோ, 1800-இல் அரங்கேறிய தம் நாடகத்தில் அவ்விருவரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பேசச் செய்தார். அக்காட்சியே அந்நாடகத்தின் உயிர்நிலை. 1971-இலும் 2018-இலும் வெளிவந்த திரைப்படங்களும் அவ்வாறே செய்தன. பல்லாண்டு நிகழ்ந்த பகைமையை ஒரு நாழிகையிற் காட்டுதற்கு இஃது உதவிற்று. எனினும், கண்டோர் பலர் அச்சந்திப்பை மெய்யென்றே கொள்வர் என்பதில் ஐயமில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். வீரபாண்டிய கட்டபொம்ம நாயக்கர் வரலாறு, முன்னர் மேடை நாடகமாய் நடிக்கப்பெற்று, 1959-இல் பந்துலு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. சிவாஜி கணேசன் அதில் நாயகராய்த் தோன்றினார். வரி கேட்ட ஜாக்சன் துரையை நோக்கி அவர் முழங்கும் உரையை அறியாத தமிழ்ச் சிறுவர் அரியர். அது சக்தி கிருஷ்ணசாமி புனைந்தது. வடகரையிற் பிறந்த யாமும் எட்டாம் வயதிற் பள்ளி ஆண்டு விழாவில், சரிகைத்தாள் ஒட்டிய கிரீடமும் ஒட்டு மீசையும் அணிந்து அதனை முழங்கினோம். ஊரார் கைகொட்டி மகிழ்ந்தனர். அவ்வுரையே சரித்திரமென்று கல்லூரி புகுமளவும் நம்பியிருந்தோம்.

சரித்திர நூல்கள் கூறுவது வேறு. 1798-இல் கட்டபொம்மர் செலுத்தவேண்டிய நிலுவை 3,310 வராகன். ஆகஸ்டுத் திங்களில் ஜாக்சன் அவரை இராமநாதபுரத்துக்கு வருமாறு கட்டளையிட்டுத் தாம் சுற்றுப்பயணம் புறப்பட்டார். கட்டபொம்மர் அவரை இடைவழியிற் காண விழைந்து குற்றாலம் வந்தார். துரை காண மறுத்தார். நம் வடகரைப் பாளையத்தின் தலைமையிடமாகிய சொக்கம்பட்டிக்கும், பின் சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய ஊர்களுக்கும் தொடர்ந்தார். இங்ஙனம் 23 நாட்கள், ஏறத்தாழ 400 மைல் அலைந்தபின், செப்டம்பர்த் திங்களில் இராமநாதபுரத்திற் காட்சி கிடைத்தது. ஆண்டு அவரும் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே விடை கூறினர். கணக்குப் பார்த்தபோது எஞ்சிய நிலுவை 1,080 வராகனே. அதன் பின்னும் அவரைப் போகவிடாது தடுக்க, கோட்டை வாயிலிற் கலகம் மூண்டது. லெப்டினன்டு கிளார்க்கு மாண்டார், பிள்ளை சிறைப்பட்டார். கவர்னர் அமைத்த விசாரணைக் குழு கட்டபொம்மரைக் குற்றமற்றவரெனக் கண்டது; ஜாக்சன் பதவியிழந்தார். எனினும் மறு ஆண்டே போர் மூண்டது. 1799 அக்டோபரிற் கட்டபொம்மர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

அன்பர்களே, யாம் முழங்கிய உரையில் வரி கொடுக்க மறுக்கும் வீரரைக் கண்டோம். நூல்களிலோ, வரியிற் பெரும்பகுதியைச் செலுத்தி, வெயிலில் அலைந்து, நின்ற காலோடு அவமதிப்பைப் பொறுத்து, பொறுமை எல்லை கடந்தபோதே வாளெடுத்தவரைக் காண்கின்றோம். இவருள் எவர் பெரியர்? பின்னவரே என்பது எம் துணிபு. அஞ்சாமை ஒன்றே உடையார்க்குப் போர் எளிது. அமைதியை நாடி அது கிட்டாது போருக்குத் தள்ளப்பட்டார் துயரோ ஆழமுடையது. புனைவு அவரை உயர்த்துவதாக எண்ணிக் குறைத்துவிட்டது.

ஆயின் கற்பனை முற்றும் விலக்கற்பாலதோ? அன்று. பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையை மாளிகையாகக் காட்டுதலும், பாளையக்காரர்க்குப் பேரரசர் அணிகலன் பூட்டுதலும் கண்ணுக்கு விருந்து. அவற்றால் எவர்க்கும் இழுக்கில்லை. சரித்திரம் வாய் திறவாத இடத்தில், வெள்ளையத்தேவனுக்கும் வெள்ளையம்மாளுக்கும் காதற்காட்சி அமைத்தலும் பொறுக்கத்தக்கதே. பொறுக்கலாகாதது, மெய்யாக வாழ்ந்தாருடைய குணத்தையும் பழியையும் மாற்றுதல். எட்டையபுரத்தார் கம்பெனிக்குத் துணைநின்றது உண்மையே. எனினும், கட்டபொம்மரைப் பிடித்து ஒப்புவித்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அங்ஙனமிருக்க, துரோகம் என்னும் சொல்லுக்கே எட்டப்பர் பெயர் நிற்கின்றது. தொண்டைமானை வைவார் எவருமிலர். பாரதியார் பிறந்த ஊரின் மக்கள் இன்றும் அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனிய நேர்கின்றது. மேடையிலும் திரையிலும் பன்முறை ஒலித்த சொல்லைத் திருத்த ஒரு நூலால் இயலுமோ?

ஆதலின், நம் கல்லூரியிற் சரித்திர நாடகம் நடிக்குங்கால், நிகழ்ச்சி நிரலின் இறுதியில், இவை மெய், இவை புனைவு என்று நான்கு வரி அச்சிடுதல் நலமெனக் கருதுகின்றோம். நாடகச்சுவை அதனாற் குன்றாது. சாரற்காலத்துக் குற்றாலம் செல்லும் நண்பர்கள், அருவியாடித் திரும்புங்கால், அவ்வழியே ஒரு பாளையக்காரர் துரையின் முகங்காணாது திரும்பினார் என்பதையும் ஒருகால் நினைப்பாராக. அதனை நடித்துக் காட்டும் நாடகம் இனி எழுதப்பட வேண்டும். அதனை நம்முள் ஒருவரே எழுதலாகாதோ?